லேமினேஷனுக்குள் மாட்டிக்கொண்ட ஆப்பிரிக்க ரூபாய்

பாலக்கோடு தாலுகா முழுமைக்கும் ஒரே ஆப்பிரிக்கச் சக்கரவர்த்தியே, டிரைவருக்கு ஒரு விசில்கூடக் கொடுக்காமல் பாதி வழியில் இறங்கிப்போன என் அன்பு மாப்பிள்ளை முனிரத்தினமே,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். இப்போது கோபத்தில் இருக்கிறேன். நேற்று நான் விட்ட பெருமூச்சில் வத்தல்மலை இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும், போய்ப் பார்க்கத்தான் நேரமில்லை. யார் மேல் கோபம் என்கிறாயா? முதலில் உன் மேல்தான்.

மாரண்டஹள்ளி–ஓசூர் பஸ்ஸில் நான் ஸ்டியரிங், நீ டிக்கெட். என் தங்கை காவேரியை உனக்குக் கட்டிவைப்பதற்கு முன்பே உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ஆப்பிரிக்காவை வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்து நோட்டு, அதிலும் உலகப்போர் நடந்தபோது அடித்த நோட்டு. அது மட்டும்தான் வேண்டும் உனக்கு. லீவு நாளில் பெங்களூர் போய் வியாபாரிகளின் வாசலில் பொழுதெல்லாம் நின்று, பீடிக்கட்டு லேபிள் அளவில் ஒரு பிரெஞ்சுக்காரன் நோட்டோடு உலகத்தையே ஜெயித்தவன் போல வருவாய்.

"ஏன்டா, சண்டைக் காலத்து நோட்டுதான் வேணுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்ல காலத்துல எவன் வேணா அழகா அடிப்பான் மச்சான். கப்பல் வராம, காயிதம் இல்லாம, மை இல்லாம முழி பிதுங்கி அடிச்சான் பாரு, அதுலதான் ஆள் யாருன்னு தெரியும்."



உன் கிரீடம் அந்த ஒரு ரூபாய். ஜெர்மன்காரன் ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்காவில், முதல் போரின்போது ஊரிலிருந்து நோட்டு வரவில்லை என்று, கிடைத்த முரட்டுத் தாளில் அங்கேயே அச்சடித்து, பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. எழுத்து ஜெர்மன், பெயர் ரூபாய். பார்த்தால் சர்க்கரைப் பொட்டலம் பிரித்த காகிதம் மாதிரி இருக்கும். அதை நீ கையில் எடுக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வாய். நாங்களும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை எனக்குத் தும்மல் வந்தது என்று என்னைத் தெருவுக்கே துரத்தினாய், நினைவிருக்கிறதா?

சரி, செய்திக்கு வருகிறேன். சேலத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய நோட்டு, நாணயக் கண்காட்சி, கூடவே போட்டியும். உன் பெயர் எழுதிய பலகையோடு ஒரு மேசை வேண்டும் என்று ஆயுள் முழுக்கப் புலம்பினாயே, அந்த மேசையை வாங்கிவிட்டேன். வாங்கிய மிதப்பில் உன் வீட்டுக்குப் போய் ஆல்பத்தைக் கேட்டேன். காவேரி பீரோவைத் திறந்து சிரித்த முகத்தோடு நீட்டினாள்.

நாற்பத்து மூன்று நோட்டும் லேமினேஷன், மாப்பிள்ளை! பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில், ரேஷன் கார்டுக்குப் போடுவது போல, ஓரம் வெட்டி, மூலை மழுக்கி, பளபளவென்று. குஜராத்தி எழுத்துப் போட்ட ஆப்பிரிக்க ஷில்லிங்குக்குள் இருந்த இங்கிலாந்து ராஜா, மீன்தொட்டிக்குள் மாட்டிக்கொண்டவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

"என்ன காவேரி இது?"

"கரையான் ஏறுதுண்ணா பீரோவுல. நம்ம புள்ளைங்க மார்க் ஷீட்டெல்லாம் அப்பிடித்தான போட்டு வெச்சிருக்கறோம்? இனி தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது."

சேலத்துக்குப் போன் போட்டேன். கண்காட்சி நடத்துகிறவர், "ஏனுங்க, நல்ல நோட்ட சூடு வெச்சுக் கொன்னுட்டீங்களே! போட்டிக்குச் சேத்துக்க முடியாதுங்க. சும்மா பார்வைக்கு வேணா வைங்க" என்றார்.

பார்வைக்காம்! உன்னைச் சும்மா பார்வைக்கு வைக்கவா நான் மேசை பிடித்தேன்?

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் உட்கார்ந்து கேள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையா பெரிது என்று, காவேரி தோட்டத்துக்குப் போன நேரமாகப் பார்த்து, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்துப் பிரித்தேன். அந்த ஒரு ரூபாயில்தான் ஆரம்பித்தேன். முதலில் கிரீடத்தை மீட்க வேண்டுமல்லவா? உறை நன்றாகத்தான் வந்தது. தாளும் கூடவே வந்தது. முன்பக்கத் தோல் ஒரு பிளாஸ்டிக்கில், பின்பக்கத் தோல் இன்னொன்றில். போரையும் கடலையும் கரையானையும் தாண்டி வந்த கையெழுத்து, என் கையில் நடுவாகப் பிளந்து போயிற்று.

இரண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் காவேரி முன்னால் இரண்டையும் வைத்துவிட்டேன்.

அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டையும் சேத்து மறுபடி ஒருவாட்டி லேமினேஷன் போட்டா ஒட்டிக்காதாண்ணா?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தத் தொடங்கினேன். உனக்கு அறிவிருக்கிறதா, யாரைக் கேட்டு அந்தக் கடைக்குப் போனாய் என்று. அவள் கத்தவில்லை.

"யாரப் போயி கேக்கறதுண்ணா? இருபத்தாறு வருசத்துல அந்த ஆல்பத்த ஒருநாளாவது தொட வுட்டாரா அவுரு? நீங்க ரெண்டு பேரும் கதவச் சாத்திட்டுப் பாப்பீங்க, நான் டீ கொண்டாந்து வெச்சுட்டுப் போவணும். எப்பிடி வெக்கணும்னு எனக்கு எவன் சொன்னான்?"

மாப்பிள்ளை, நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த நோட்டுகளை யாரிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தோம்? நீயாவது சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம். டீ நன்றாக இருக்கிறது என்றுகூட நாம் சொன்னதாக நினைவில்லை.

ஆகவே உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் பெயர்ப் பலகை வைத்த மேசையில் நாற்காலி காவேரிக்கு. ஆல்பம் அவள் மடியில் இருக்கும், பக்கத்தை அவள்தான் புரட்டுவாள். ஒவ்வொரு நோட்டும் எந்த ஊர், எந்தச் சண்டை என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதி நோட்டுக்கு இப்போதே என்னைத் திருத்துகிறாள். நான் பின்னால் நிற்பேன். அந்த ஒரு ரூபாயைப் பார்த்து யாராவது "எந்தப் படுபாவிங்க இப்பிடிப் பண்ணது?" என்று கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் நான்தான் என்று கையைத் தூக்குவேன்.

காவேரிக்கு அண்ணன், உன் பிள்ளைகளுக்கு மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
சின்னசாமி