ஒரு நாள் லீவுச் சீட்டு

அன்புள்ள என்று எழுத மனம் வரவில்லை, ஷிபா.

ஆறு வருடத்துக்கு முன்பு, “மணிக்கணக்கு ஒண்ணும் எழுதண்டாம், மாசம் ஒரு பில் தந்தா மதி, அது போதும்” என்று எச்.ஆர். நாற்காலியிலிருந்து சொல்லித் தந்தவள் நீ. தோழி சொன்னதால் அப்படியே செய்தேன். ஆனால் தினமும் காலை ஒன்பதுக்கு விரல் பதித்து, ஆறு மணிவரை உங்கள் ஆபீஸில்தான் இருந்தேன்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். பிரசவ லீவு கேட்டால், “நீ ஸ்டாஃப் அல்லல்லோ. வரிக் கணக்கிலயும் கன்சல்டன்ட் தானே” என்கிறாய்.

போன வருடம் பாறசாலையில் அம்மாவை அடக்கம் செய்ய மூன்று நாள் லீவு கேட்டேன். ஒரு நாள் மட்டும் அனுமதித்து நீ கையெழுத்திட்ட லீவுச் சீட்டு என் பைபிளுக்குள் இருந்தது. கன்சல்டன்டுக்கு எதற்கு லீவுச் சீட்டு? இன்று லேபர் ஆபீஸில் அதைத்தான் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஸ்டாஃப் அல்லாதவள்