மழை பெய்தால் தட்டும் சுவர்

மச்சாள்,

இன்று காலை வீட்டுப் பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் கையை விட்டு இலை அள்ளினேன். இலை கொட்டுகிற காலம் வந்தால் இது என்னுடைய ஊழியம். என்னைக் கட்டிய உங்கள் தம்பிக்குக் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். டிவிக்கு முன்னால் இருக்கும்போது மட்டும் பிடிக்காது. அடியில் கறுத்த சேறு. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் கையை விட்டு மணம் போகவில்லை. உங்கள் அறையின் தரைப்பலகையைக் கழற்றிய அன்று மேலே எழும்பி வந்த அதே மணம். தேத்தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போய், உங்களுக்கு எழுத இருந்துவிட்டேன்.

ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு, தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு வந்த முதல் வாரமே நீங்கள் அந்தப் பக்கத்து நடைபாதையைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே வெறும் மண். மழை வந்தால் சதசதவென்று கிடக்கும். விடிய எழும்பிக் கூட்டிக் கழுவ ஒரு முற்றம் இல்லாத வீடும் ஒரு வீடா என்று கேட்டீர்கள். அக்கா கேட்டால் உங்கள் தம்பி விடுவாரா? சிநேகிதர்களைக் கூட்டிவந்து ஒரே சனிக்கிழமையில் சீமெந்து போட்டு முடித்தார். ஊரில் போடுவதுபோல நல்ல உயரமாக, சுவரோடு ஒட்ட. பலகைத் தரைக்குக் கீழே காற்றுப் போவதற்கென்று சுவரடியில் துளைச் செங்கற்கள் வைத்திருந்தார்கள். சீமெந்து அந்தத் துளைகளின் வாய்வரை வந்து நின்றது. சரிவும் வீட்டுப் பக்கம்தான் விழுந்திருந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் வாளியோடு நின்று கழுவியதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த நவம்பரில்தான் முதல் தடவை கேட்டது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்ட ஒரு நாள், கூரைப் பீலியில் இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் அறையில் இருந்து ஓடி வந்தீர்கள். அவ்வளவு பிரகாசமான முகத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"கதவைத் திற பிள்ளை. அவன் நனையிறான்."

அவன் என்றால் ரஞ்சன். உங்கள் ஒரே மகன். ஊரில் சண்டைக் காலத்தில் பஸ்ஸில் இருந்து ஆமிக்காரர் இறக்கிக்கொண்டுபோன பிள்ளை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஊரில் பிந்தி வரும் நாட்களில் தகப்பனுக்குப் பயந்து முன்கதவுக்கு வரமாட்டான், உங்கள் அறைச் சுவரடியில் குந்தியிருந்து மெல்லத் தட்டுவான் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். நானும் காது கொடுத்தேன். சுவரடியில், தரையோடு தரையாக, மிகப் பதிவாக, ஒரு தட்டு. பிறகு பொறுத்து, இன்னொன்று.

பக்கக் கதவைத் திறந்தேன். வெளியே மழையைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனால் தட்டும் சத்தம் நிற்கவில்லை. அது இப்போது எனக்குப் பின்னால், வீட்டுக்குள் இருந்து கேட்டது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நீங்களோ என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், நனைந்த சீமெந்தில் கால்தடம் தேடினீர்கள்.

அதற்குப் பிறகு பெருமழை பெய்தபோதெல்லாம் அவன் வந்தான். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவர்க் கடதாசி ஊதி உரிந்தது. அதற்குக் கீழே ஒரு கறுத்த ஈரம், யாரோ முதுகைச் சாய்த்து இருந்துவிட்டு எழும்பிப் போனதுபோல. உங்கள் நெஞ்சிலும் இழுப்புத் தொடங்கியது. இந்த ஈரத்தில் இன்னொரு குளிர்காலம் படுத்தால் தாங்கமாட்டா என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். மேல் அறைக்கு வாருங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"மேல படுத்தா எனக்குக் கேளாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராத பிள்ளைக்காக இருக்கிற உயிரையும் விடப்போகிறீர்களே என்று கத்த வாய் உன்னியது. கத்தவில்லை. ரஞ்சன் இல்லை என்று அந்த வீட்டில் எவரும் சொன்னதில்லை. அவனுக்கு நாங்கள் ஒரு கிரியையும் செய்யவில்லை. படத்துக்கு மாலையும் போடவில்லை.

கடைசியில் உங்கள் தம்பி கம்பளத்தைச் சுருட்டிவிட்டுப் பலகையைக் கழற்றினார். நீங்கள் கட்டிலில் கால்களை மடக்கிக்கொண்டு பார்த்திருந்தீர்கள். கீழே, அறை முழுக்க, அசையாத கறுப்புத் தண்ணீர். டோர்ச் அடித்தபோது அதற்குள் இருந்து எங்கள் முகங்களே எங்களைப் பார்த்தன. வீடு கட்டியவர்கள் விட்டுப்போன ஒரு மரத்துண்டு அதில் மிதந்துகொண்டிருந்தது. மழைத்தண்ணீர் துளைகளால் இறங்கி மட்டம் ஏறும்போதெல்லாம் அதுதான் போய்த் தரைச்சட்டத்தில் இடித்திருக்கிறது. அவருக்கு மனம் லேசாகிச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தாங்கோ அக்கா, இதுதான் உங்கட ஆள்."

சொன்ன வாயை மூட முதலே அவருடைய முகம் செத்துப்போயிற்று. நீங்கள் கையை நீட்டி அதை வாங்கி, சேலைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். மழையில் நனைந்து வந்த பிள்ளையின் தலையைத் துவட்டுவதுபோலத்தான் துடைத்தீர்கள். எனக்கு அங்கே நிற்க ஏலவில்லை.

பிறகு வேலை நடந்தது. சீமெந்தை உடைத்தார்கள். சுவரோரம் பள்ளம் தோண்டிச் சல்லிக்கல் நிரப்பினார்கள். துளைகள் திரும்பவும் மூச்சுவிட்டன. பீலித் தண்ணீர் குழாயால் நேரே கானுக்குள் போனது. கோடை முடிய முதல் சுவர் காய்ந்தது; உங்கள் இழுப்பும் தணிந்தது. எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பெருமழைக்கு வீடு கப்சிப்பென்று இருந்தது. அந்த அமைதி முந்திய சத்தத்தைவிட என்னைப் பயப்படுத்தியது. உங்கள் அறையை எட்டிப் பார்த்தேன். தரையில் இருந்தீர்கள், காது சுவரில். என்னைக் கண்டதும் கையை மடக்கி, சுவரடியில், பதிவாக, நீங்கள் தட்டினீர்கள். பொறுத்து, இன்னொரு தரம்.

"அவனுக்குச் சத்தம் போட வழியில்லைத்தானே இப்ப. நான் இஞ்சதான் இருக்கிறன் எண்டு ஆர் சொல்லுறது?"

அதன்பின் எந்த மழையையும் நீங்கள் தட்டாமல் விட்டதில்லை. போன மாசியில் மூச்சு அடங்கும்வரை. பெட்டி மூட முதல் உங்கள் தம்பி அந்த மரத்துண்டைக் கொண்டுவந்து உங்கள் கைக்குள் வைத்தார். வந்தவர்கள் அதை என்னவென்று கேட்கவில்லை. 

இதை எழுதிக்கொண்டிருக்க, மத்தியானம் மழை பிடித்தது. கான் அடைபடாமல் ஓடுகிறது, போய்ப் பார்த்தேன். சுவரையும் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த சுவர். பிறகு உங்கள் அறைக்குப் போய், முழங்காலில் இருந்து, நீங்கள் தட்டிய இடத்தில் தட்டினேன். பொறுத்து, இன்னொரு தரம். காதை வைத்துக் காத்திருந்தேன். ரஞ்சனுக்காக அல்ல, மச்சாள்.

முன்னறையில் டிவிச் சத்தம் நின்றது. உங்கள் தம்பி எழும்பி வரும் காலடி கேட்டது. அவர் என்னைக் கடந்து நேரே போய், பக்கக் கதவின் கொண்டியை எடுத்து, கதவை மழைக்குத் திறந்துவிட்டார்.