இரண்டு கதவுக் கார்

இஞ்சாரும் பூரணம்,

உயிரோடை இருக்கேக்கை உம்மை நான் ராசாத்தி எண்டு ஒருக்காலும் கூப்பிடேல்லை. இப்ப கூப்பிட்டால் நீர் சிரிப்பீர். அதனாலை எங்கடை பழைய 'இஞ்சாரும்' தான்.

நீர் போய் அஞ்சு வருசம் முடியுது. திவசத்துக்கு வாற சனத்துக்குக் குடுக்க ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கினம். கடுதாசித் தட்டுப்பாடு, கோடு போட்ட கொப்பித் தாளிலைதான் அடிக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது எண்டு உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எங்கடை பிள்ளை சந்திரா எழுதுறாள்.

உமக்கு ஒரு புதினம். கார் வாங்கியிருக்கிறம். பழங்கார்தான்.

ஏன் வாங்கினது எண்டு சொல்ல வேணும். போன வருசம் விமானம் குண்டு போட்ட நேரம் ஒரு துண்டு சந்திராவின்ரை முழங்காலுக்குள்ளை ஏறிப்போட்டுது. காலை வெட்டி எடுக்கேல்லை, பிள்ளையார் காப்பாத்தினார். ஆனால் அந்த முழங்கால் இனி மடங்காது. தடி மாதிரி நேரை நிக்குது.

அவள் படிப்பிக்கிறது சாவகச்சேரியிலை. நீர் போன பிறகு என்ரை தங்கச்சி மோன் யோகனுக்கு அவளை முடிச்சுக் குடுத்தனான். அவன் சைக்கிள் கரியரிலை ஏத்திப் பாத்தான். நீட்டின கால் எதிரிலை வாறவன்ரை சில்லுக்குள்ளை போகப் பாத்தது. பஸ் வந்தால் படியிலேயே ஆள் தொங்குது. புதுத் தவணைக்கு வராட்டி அவளின்ரை இடத்துக்கு வேறை ஆளைப் போடுவம் எண்டு பள்ளிக்கூடத்திலை சொல்லிப்போட்டினம். அண்டைக்கு அவள் சாப்பிடேல்லை. "இனி வீட்டுக்குள்ளையே இருந்து முடிய வேண்டியதுதான், ஐயா" எண்டு மட்டும் சொன்னாள். அந்தக் குரல் எனக்குப் பொறுக்கேல்லை.

கார் ஒண்டு பாப்பம் எண்டு நான்தான் சொன்னனான். காலமை அவளைக் கொண்டுபோய் விட்டிட்டு யோகன் பகலிலை வாடகைக்கு ஓடலாம், பின்னேரம் ஏத்திக்கொண்டு வரலாம்.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னாலை ஒரு வளவு. ரெண்டு கார் பக்கத்திலை பக்கத்திலை நிண்டது, ரெண்டுக்கும் நாலு கதவு. ஒண்டு யப்பான் கார், வெள்ளை, முகம் பாக்கலாம். மற்றது ஒஸ்ரின் ஏ நாப்பது, 'ஏ போட்டி' எண்டுவினம், என்ரை வயசிலை பாதி இருக்கும், கூரை மங்கி, மட்காட் நெளிஞ்சு. எது விலை கூட எண்டு நினைக்கிறீர்? பழசு! காலம் அப்பிடி மாறிப்போச்சு. சண்டையாலை பாதை பூட்டு, பெற்றோல் இஞ்சை வராது. கபிறேற்றருக்குள்ளை நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெயிலைதான் கார் ஓடுது. கிழட்டுக் கார் மண்ணெண்ணெயைக் குடிக்கும். யப்பான் கார் குடியாது. அதனாலை வெள்ளைக்காரி படங்கைப் போர்த்துக்கொண்டு நிக்கிறாள், அவளுக்குக் கீழை கோழி அடைகாக்குது.

யோகனுக்கு வெள்ளையிலைதான் கண். "மாமா, நாளைக்குப் பாதை திறந்தால் இது என்ன விலை போகும் தெரியுமோ?"

"பாதை எப்பவோ திறக்கும். பள்ளிக்கூடம் திங்கக்கிழமை திறக்குதடா" எண்டன்.

யோகனும் விக்கிற கார்க்காரரும் முன் மூடியைத் திறந்து தலையை உள்ளுக்கு விட்டினம். நான் விடேல்லை. ஏன் எண்டு உமக்கு விளங்கும். எண்பத்தினாலிலை அந்த மைனர் கார் வாங்கேக்கையும் நாங்கள் ஆம்பிளையள் மூண்டு பேர் போய் மூடியைத் திறந்து பாத்திட்டுத்தானே வந்தனாங்கள். உம்மை ஆரும் கூட்டிக்கொண்டு போகேல்லை. அந்த வருச வெங்காயக் காசு நாலு கதவுக் காருக்கு எட்டேல்லை. ரெண்டு கதவுக் கார் எட்டிச்சுது, இஞ்சின் பொன் எண்டான் யோகன், வாங்கிப்போட்டம். உம்மடை முழங்கால் வாதத்துக்கு மாதம் ரெண்டு தரம் யாழ்ப்பாணம் கிளினிக்குக்குக் கொண்டுபோகத்தான் அந்தக் கார்.

முன் சீற்றை மடிச்சு, குனிஞ்சு, இடுக்குக்குள்ளாலை பின்னுக்கு ஏற வேணும். நீர் ஒரு காலை வைச்சீர். மற்றது வரேல்லை. பாதி உள்ளை, பாதி வெளியிலை நிண்டு நீர் சிரிச்ச சிரிப்பு எனக்கு இப்பவும் கேக்குது. "இஞ்சாருங்கோ, எனக்கு பஸ்தான் சுகம்" எண்டு சொல்லி இறங்கிப் போட்டீர்.

எண்பத்தேழுச் சண்டையிலை கொட்டிலோடை எரியுமட்டும் மூண்டு வருசம் அந்தக் கார் நிண்டது. நீர் பஸ்ஸிலை போனீர்.

அதாலை இந்த முறை நான் சந்திராவைக் கூட்டிக்கொண்டு போனன். "முதல் பிள்ளை பின் சீற்றிலை இருந்து பாக்கட்டும். காலை நீட்டிப் படுக்க முடியுதோ எண்டு பாக்க வேணும்" எண்டன்.

கார்க்காரர் சிரிச்சார். "அண்ணை, நீங்கள் கார் வாங்க வந்தனீங்களோ, கட்டில் வாங்க வந்தனீங்களோ?"

நான் ஏ போட்டியின்ரை பின் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். சந்திரா ஊன்றுகோலைக் காரிலை சாத்திப்போட்டு என்னைப் பாத்தாள்.

"ஐயா, நான் என்ன வெங்காய மூட்டையே, பின்னுக்குக் கிடத்திக் கொண்டுபோக? நான் முன்னுக்கு இருப்பன்."

"முன்னுக்கு ஆம்பிளையள்..."

"அவர் ஓட்டுற சீற்றுக்குப் பக்கத்திலை இடம் இருக்குத்தானே?"

"அப்ப நான்?"

"நீங்கள் பின்னுக்கு. உங்களுக்கு ரெண்டு முழங்காலும் மடங்குதுதானே!"

கார்க்காரருக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்திட்டுது. அவள் முதல் வெள்ளைக் காரிலை இருந்து பாத்தாள், கால் முன் தகட்டிலை முட்டிச்சுது. ஏ போட்டியிலை முன் கதவைத் திறந்து, புறத்தைத் திருப்பி இருந்து, ரெண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி உள்ளுக்கு வைச்சாள். ஒரு இடமும் முட்டேல்லை. கதவைத் தானே அடிச்சுச் சாத்தினாள்.

பூரணம், அந்தச் சத்தத்தோடைதான் எனக்கு விளங்கினது. ரெண்டு கதவுக் காருக்கு முன் கதவு எவ்வளவு அகலம்! வீட்டுப் படலை மாதிரி. நீர் அதாலை ஏறி முன்னுக்கு இருந்திருக்கலாமே? யோகன் ஓட்ட, அவனுக்குப் பக்கத்திலை மூண்டு வருசமும் இருந்தது ஆர்? வெத்திலைத் தட்டோடை நான். கோயில் வாசலிலை அந்த அகலக் கதவாலை இறங்கி வேட்டியைத் தட்டிவிட்டவன் நான். ரெண்டு கதவிலை பிழையைப் போட்டு இவ்வளவு காலமும் இருந்திட்டன்.

இந்த இடத்திலை சந்திரா எழுதிறதை நிப்பாட்டிப்போட்டாள். "இது வேண்டாம் ஐயா, சனம் வாசிக்கும்" எண்டுறாள். எழுது பிள்ளை எண்டு சொல்லியிருக்கிறன்.

'முன்னுக்கு இரும்' எண்டு நான் ஒருக்கால் சொல்லியிருந்தால் நீர் இருந்திருப்பீரோ? இல்லை, ஊர் பாக்கும் எண்டு வெக்கப்பட்டிருப்பீரோ? நீரும் ஏன் கேக்கேல்லை?

காசு காணாமல்தான் இருந்தது. பற்றறியும் உபரிச் சில்லும் வேண்டாம், கழட்டி வைச்சுக்கொண்டு விலையைக் குறையுங்கோ எண்டன். கார்க்காரர் சம்மதிச்சார். பொறிக்குப் பழைய மோட்டச்சைக்கிள் பற்றறி ஒண்டு; முன்னுக்கு வளைஞ்ச கம்பி போட்டுச் சுத்தித்தான் கிளப்பிறது. கம்பி சுத்துறது என்ரை வேலை. இந்த வயசிலையும் மூண்டாம் சுத்திலை பிடிச்சிடும்.

திங்கக்கிழமை முதல் ஓட்டம். பின்னுக்கு நான் தனிய இருந்தன். கைதடிப் பாலம் தாண்ட, சந்திரா கண்ணாடியை இறக்கிப்போட்டு முழங்கையை வெளியிலை வைச்சாள், தான்தான் கார்க்காரி மாதிரி. பள்ளிக்கூடப் படலையிலை பிள்ளையள் ஓடி வந்து சுத்தி நிண்டுதுகள். இறங்கினவள் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. ஊன்றுகோலை ஊண்டிக்கொண்டு உள்ளை போயிட்டாள்.

முன் சீற் வெறுமனே கிடந்தது. "மாமா, முன்னுக்கு வாங்கோவன்" எண்டான் யோகன். மாட்டன் எண்டன். அவனுக்குக் காரணம் சொல்லேல்லை, உமக்குச் சொல்லுறன். நான் இருக்குமட்டும், இந்தக் காரிலை ஏற வாற எந்தப் பொம்பிளையையும் 'எங்கை இருக்க உமக்குச் சுகம்?' எண்டு கேட்டுப்போட்டுத்தான் எனக்கு இடம் பாப்பன். இது உமக்கு நான் தாற வாக்கு.

உம்மடை அத்தான்,
சந்திராவின்ரை ஐயா,
கந்தையா