விடியலில் புளித்த கீரை

இன்று காலை ஆலங்குடிச் சந்தையில் வாங்கிவந்த பருப்புக்கீரையில் ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டேன். நன்றாகப் புளித்தது. புன்செய்க் கொல்லைகள் எவ்வளவு வறண்டு கிடக்கின்றன என்பதை உங்களிடம் உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. நீங்கள் மறைந்து ஓராண்டு ஆகியும் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை.

நாம் முதலில் சந்தித்தது செல்வமேரியின் நிலக்கடலைக் கொல்லையில். குத்தகைதாரரான அவர் பயிரைக் காயவிட்டுக் கைவிட்டார், ஆகவே நிலத்தை மீட்டுத் தர வேண்டும் என்பது நில உரிமையாளரின் வழக்கு. நேரில் பார்த்து அறிக்கை தர, வழக்கறிஞரான என்னை நீதிமன்றம் ஆணையராக நியமித்திருந்தது. எனக்கு உதவ வந்த வேளாண் அலுவலர் நீங்கள். இரு தரப்புக்கும் முறைப்படி அறிவிப்பு கொடுத்து, பகல் ஒரு மணிக்குப் போனோம். இலைகள் மடிந்து, செடிகள் துவண்டு கிடந்தன. 'பயிர் காய்ந்துவிட்டது' என்று குறித்துக்கொண்டேன். செல்வமேரியை வெளியேற்ற அந்த ஒரு வாக்கியமே போதும்.

"காலையில வந்து பாருங்கய்யா, நிமிந்து நிக்கும்" என்றார் அவர். வழக்கில் சிக்கிய எவரும் சொல்லும் சமாதானம் என்றே எண்ணினேன்.

நீங்கள் என் தாளை எட்டிப் பார்த்தீர்கள். "அத அடிச்சிருங்க சார். ஒரு மணி வெயில்ல என்னையப் பாத்தாலும் காஞ்சு போச்சுன்னுதான் எழுதுவீங்க."

மீண்டும் அறிவிப்பு கொடுத்து, ஒரு விடியற்காலையில் போனோம். வெயில் ஏறத் தொடங்கியபோது கடலை இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. செடியின் அடியில் புதிதாகக் கொத்திய மண் இருந்தது. வரப்போரத்துப் பருப்புக்கீரையைப் பிடுங்கி நீங்கள் மென்றீர்கள், என்னிடமும் நீட்டினீர்கள்.

"கீரையத் தின்னுட்டா ரிப்போர்ட் எழுதுவாங்க? களை மண்டிக் கெடக்கு, அதை எழுதச் சொல்லுங்க" என்றார் உரிமையாளர்.

"களையில்லைங்க, கொழம்புக்கு விட்டிருக்கேன்" என்றார் செல்வமேரி. "இந்நேரம் பறிச்சா புளியே கொறச்சுத்தான் போடணும். பொழுது சாயப் பறிச்சா அந்தப் புளிப்பு இருக்காது."

நீங்கள் சிரித்தீர்கள். "அந்தம்மா சொல்றதுதான் சார் விஷயம். தண்ணி இல்லாதப்ப இந்தக் கீரை ராத்திரியிலதான் இலைத்துளையத் தொறந்து காத்தை வாங்கும். வாங்குனதப் புளிப்பாச் சேத்து வச்சுக்கும். பகல்ல துளைய அடைச்சுக்கிட்டு, அந்தப் புளிப்ப வச்சே சாப்பாடு தயாரிக்கும். ஈரம் வெளிய போகாது. கடலைக்கு அந்த வித்தை தெரியாது. அது இலைய மடக்கி, துளைய மூடிக்கிட்டு வெயிலத் தள்ளும். ரெண்டும் உசுரோடதான் இருக்கு."

எழுதிய வாக்கியத்தை அடித்தேன். 'நண்பகலில் வாடிய நிலை. காலையில் மீண்ட நிலை. பராமரிப்புக்கான அடையாளம் உண்டு' என்று எழுதினேன். நிலம் செல்வமேரியிடமே இருந்தது. என் அறிக்கை ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் எழுதியது அப்படியே போயிருந்தால், அவர் நிலத்தை இழக்க அது ஒன்றே காரணமாகியிருக்கும்.

பல ஆண்டுகளுக்குப் பின் அதே பிழையை உங்களிடமே செய்தேன். நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது, நீதிமன்ற உணவு இடைவேளையில் வந்து பார்த்தேன். கண்மூடிக் கிடந்தீர்கள், அழைத்தும் அசைவில்லை. இனிப் பேச்சில்லை என்று முடிவுசெய்து வெளியே வந்தேன். உங்கள் மனைவி வாசல்வரை வந்து, "வெயில் நேரத்துல இப்படித்தாண்ணே. விடிஞ்சதும் நல்லாப் பேசுறாங்க. காலையில வாங்களேன்" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு வந்தேன். தலையணையில் சாய்ந்து அமர்ந்திருந்த நீங்கள் என்னைக் கண்டதும் கேட்டீர்கள்: "ரெண்டு தரப்புக்கும் நோட்டீஸ் குடுத்தாச்சா சார்?"

அதன்பின் பதினோரு காலைகள் நமக்குக் கிடைத்தன.

இன்றும் என் ஆய்வறிக்கைகளின் முதல் வரியில் பார்த்த நேரத்தை எழுதுகிறேன். 'காய்ந்துவிட்டது' என்ற சொல்லை, விடியலில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் இதுவரை எழுதியதில்லை.