ஜீல், வால்டர் உங்களைத் தேடுகிறார்

யார்க்டன், சாஸ்கட்சுவான்
பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய ஜீல் தெரியோ அவர்களுக்கு,

வால்டர் ஹாலுக்கின் மனைவி டார்லீன் எழுதுவது. நாம் இதுவரை பேசிக்கொண்டதில்லை. ஐஸ் ஹாக்கி ஆட்டங்களில் எதிரெதிர் அணிகளில் இருந்த நீங்களும் அவரும் பனித்திடலில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்துக்கொண்டதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தலைவலி ஏதும் வருகிறதா? வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இங்கே குளிர் தாங்கவில்லை. காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது. எங்கள் மகள் மெலனி ஞாயிறுதோறும் ரெஜைனாவிலிருந்து வந்து போகிறாள். போன வாரம் வால்டர் அவளைப் பார்த்து, "யாரும்மா நீ? கையெழுத்து வாங்க வந்தியா?" என்று கேட்டார். அவளும் ஒரு தாளை நீட்டினாள். போட்டுக் கொடுத்தார். சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

உங்களுக்குத் தெரியாததா? கோல் போடுவதற்காக எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. கோல் போடுகிறவர்கள்மேல் கைவைத்தவனை அடிக்கத்தான் சேர்த்தார்கள். தலையில் வாங்கிய அடியெல்லாம் இப்போது வேலையைக் காட்டுகிறது, இனி இறங்குமுகம்தான் என்கிறார் டாக்டர். மருந்து கிடையாதாம்.

சென்ற மாதம் ஓர் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க அவருடைய பழைய அணிக்காரர்கள் அவரை அழைத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். "ஒரே ஒரு தடவைம்மா, ஜனங்க ஆசைப்படறாங்க" என்றார்கள். அவரும் பழைய அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே சிரிப்பு. சிவப்புக் கம்பளத்தில் நடந்து திடலின் நடுவுக்குப் போனார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்தச் சத்தம்தான் வினையாகிவிட்டது. ஆட்டத்தைத் தொடங்க அவர் கையில் கொடுத்திருந்த ரப்பர் தட்டை, பந்துக்குப் பதில் அடித்து ஆடுவார்களே அதை, கீழே போட்டார். குளிருக்குப் போட்டிருந்த கையுறைகளைக் கழற்றி எறிந்தார். முஷ்டியை உயர்த்திக்கொண்டு, "ஜீல்! எங்கடா ஒளிஞ்சிருக்க? வாடா!" என்று சுற்றிச் சுற்றித் தேடினார்.

வேடிக்கை காட்டுகிறார் என்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டத் தட்ட அவருக்கு வெறி ஏறியது. நான் பனியில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடிப்போய்ப் பிடித்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனால் அடிக்கவில்லை. "நடுவரே, அவன் வரமாட்டேங்கிறான்" என்று என்னிடம் முறையிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் கைகளில் துணிப்பட்டை சுற்றிவிடச் சொல்கிறார். சுற்றிவிடுகிறேன். சுவரோரம் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்கிறார். ஏப்ரலில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப் போகிறோம். வெளியே போகாதபடி கதவைப் பூட்டி வைப்பார்களாம். என்னால் இனி முடியவில்லை.

நீங்கள் இருக்கும் ரிமூஸ்கியிலிருந்து இங்கே எவ்வளவு தூரம் என்று தெரியும். உங்களுக்கு இடுப்பில் அறுவை நடந்ததாகவும் கேள்விப்பட்டேன். இருந்தும் கேட்கிறேன். குணப்படுத்த இல்லை, அது யாராலும் ஆகாது. ஒரே ஒருமுறை வந்து அவர் எதிரில் நின்று, ஆட்டம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அவர் நம்புவதில்லை.

உங்கள் தலைக்கு ஒன்றும் நேராதிருக்க வேண்டிக்கொள்ளும்,
டார்லீன் ஹாலுக்