டீ குடித்ததால் நின்ற ஆபரேஷன்

ஜூலை 7

இன்று தேனி ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: நான், மகள் பாண்டீஸ்வரி, மருமகன் முத்துராஜா, நாத்தனார் அக்கம்மாள், நர்சு சுகிர்தம். என் பித்தப்பைக் கல்லை எடுக்க வேண்டிய நாள். எடுக்கவில்லை. தியேட்டர் வாசலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சுகிர்தம் கேட்டாள். ஒன்றுமில்லை, விடிய ஒரு டீ குடித்தேன் என்றேன். அவ்வளவுதான்.

"வெறும் வயித்தோட வரச் சொன்னா புரியாதா பாட்டி?"

அத்தனை பேர் முன்னால்! டீ எந்த ஊரில் சாப்பாடு? ஓடைப்பட்டியில் திராட்சை வெட்டப் போகிற சனம் முழுக்க டீயைக் குடித்துவிட்டு வெறும் வயிற்றோடுதான் போகிறது.

ஜூலை 8

வலி. நேற்றே போயிருக்க வேண்டிய வலி. சுகிர்தம் - மறக்க மாட்டேன்.

ஜூலை 14

பெரிய டாக்டர் அனுசுயா கூப்பிட்டுவிட்டிருந்தார். திட்டத்தான் என்று நினைத்துப் பதிலோடு போனேன். போனால், என்னைப் போலத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒரு பெஞ்சு நிறைய. கம்பத்துக்காரர் ஒருவர் பால் குடித்தாராம்.

டாக்டர் நர்சுகளைப் பார்த்துச் சொன்னார்: "இவங்க மேல தப்பில்ல. புரியிற மாதிரி சொல்றதும் ஆஸ்பத்திரி வேலைதான். புரியலைன்னா நாம சரியாச் சொல்லல."

இனிமேல் நோயாளி தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் விட வேண்டுமாம். பாதிக் கல் அங்கேயே கரைந்த மாதிரி இருந்தது.

ஜூலை 20

நாளை ஆபரேஷன். சுகிர்தம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குக் கத்தியது தப்பு என்றாள். நான் முகம் கொடுக்கவில்லை. காலையில் என்ன செய்வேன் என்று என்னையே சொல்லச் சொன்னாள்.

"பல்லு வெளக்குவேன். டீ, காப்பி, பால் தொட மாட்டேன். வெத்தலைய மட்டும் போட்டுக்கிட்டுக் கெடப்பேன்."

"வெத்தலையா?"

"அது எப்பிடி தாயி சாப்பாடாகும்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதுவும் கூடாதாம். கேட்காமல் விட்டிருந்தால் மறுபடியும் ஊர் பஸ்தான். வெற்றிலைப் பையை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 22

கல் போச்சு! ஏலக்காய் அளவுதான், இதற்கா இத்தனை பாடு?

பக்கத்துக் கட்டில்காரியைச் சுகிர்தம் திருப்பிச் சொல்லச் சொன்னாள். மோர் மட்டும் குடிப்பேன் என்றாள் அவள். கூடாது என்று நான் படுத்தபடியே சொன்னேன். வார்டே சிரித்தது. சுகிர்தத்தை மன்னித்துவிட்டேன்.

டீ குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் பாண்டீஸ்வரி வாங்கி வந்தாள். "சூடு பாத்துக் குடுக்கச் சொன்னாக மதினி" என்று வாங்கி, என் கண்ணெதிரே பாதி டம்ளரைக் காலி செய்தவளை மன்னிக்க மாட்டேன். நாத்தனார் அக்கம்மாள்.