உன் வண்டி இப்போது கத்துவதில்லை

அக்கா, இதை யாருக்கும் காட்டாதே. உன்னால் காட்ட முடியாது என்று தெரியும், ஆனாலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் கனவில் வந்தால்கூட இதைப் பற்றி வாய் திறக்காதே. அம்மா காலையில் எழுந்ததும் கனவை ஒரு எழுத்து விடாமல் அப்பாவிடம் ஒப்பித்துவிடுவாள்.

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் ஆள்காட்டி விரலில் கிரீஸ் வாசனை. சோப்பு போட்டேன், சீயக்காய் போட்டேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். போகவில்லை. சாயங்காலம் உன் காரின் முன் இடது சக்கரத்து ஓட்டை வழியாக விரலை விட்டு, உள்ளே இருக்கும் பிரேக் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அந்த இடத்தில் வழவழப்பே இருக்கக்கூடாது என்பது இந்த வீட்டில் உனக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

அந்தக் காரை நீ ஓட்டிக்கொண்டு வந்த நாளில் தெருவே சிரித்தது. கண்டெய்னர் யார்டு கேட்டில் டோக்கன் போடும் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கூட வேலை செய்தவரிடம் வாங்கிய பழைய சிவப்புக் கார். வெயிலில் வெளுத்து, மேல்பக்கம் மட்டும் ரோஸ் கலராக இருந்தது. தெருமுனையில் பிரேக் பிடித்தாய். கீ...ச் என்று ஒரு கத்தல். பக்கத்து வீட்டு ஜெனியின் அம்மா குழாயடியிலிருந்தே கேட்டாள்: “இன்னாடி, காரு வாங்கினியா, மயிலு வாங்கினியா?”

“மயிலுதான்க்கா. மழ வந்தா தோகை விரிக்கும், வந்து பாரு” என்றாய் நீ.

ஆனால் வீட்டுக்குள் வந்ததும் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாய்: “எங்கேர்ந்து கத்துதுன்னு தெரியலடி. எனக்கு பயமா கீது.” நீ பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காய்ச்சலின்போதுகூட நீ பயப்படவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டு போவோம். எண்ணூர் போகிற கடலோரச் சாலையில் நீ மெதுவாக ஓட்டுவாய். நான் ஒவ்வொரு ஜன்னலாக மாறி உட்கார்ந்து தலையை வெளியே நீட்டுவேன். லாரிக்காரர்கள் எல்லாரும் எனக்கு வாந்தி என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். வலது பின் சக்கரம் என்று நான் சத்தியம் செய்தேன். அப்புறம்தான் புரிந்தது, வலது பக்கம் வரிசையாக நின்றிருந்த டிரெய்லர்களில் பட்டுச் சத்தம் திரும்பி வருகிறது. லாரி இல்லாத இடத்துக்குப் போனால் வலது பக்கம் ஊமை. ஒரு சத்தம் பிறக்கிற இடம் வேறு, கேட்கிற இடம் வேறு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

கடைசியில் கண்டுபிடித்தது நீதான். கருங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினாய்.

“ஏய், தோசக்கல்லு காஞ்சிச்சான்னு எப்டி பாப்போம்?”

நாலு சக்கரத்திலும் விரலால் தண்ணீர் தெளித்தாய். மூன்று சக்கரத்தில் தண்ணீர் சும்மா வழிந்தது. முன் இடது சக்கரத்தில் மட்டும் சுர்ர் என்றது. “மாட்டிகினான்” என்று குதித்தாய். நான் அந்தச் சக்கரத்தை ஒரு திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில் மெக்கானிக் பாய் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் கட்டையைப் பிடித்திருக்கிற ஆணியை உப்பு தின்றிருந்தது. அதனால் நீ காலை எடுத்த பிறகும் கட்டை அந்த பிரேக் தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நீ அப்பாவின் பெண்தானே, உடனே கேட்டாய்: “பாய், கட்டை மேல கொஞ்சம் கிரீஸ் வெச்சா கத்தாது இல்ல?”

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “உங்க பேட்டையில தோசைக்கு கூட கிரீஸ்தான் தடவுவீங்க போல. அம்மாடி, ஆணிக்கு வெக்கலாம். கட்டைக்கு வெச்சா சத்தம் நிக்கும், வண்டி மட்டும் நிக்காது. நேரா சமுத்திரம்தான்.” அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: “கட்டையில எண்ண பட்டுச்சுன்னா தொடச்சிட்டு மாட்டாத. தூக்கி போட்டுடு.”

பாய் ஆணியைச் சுத்தம் செய்தும் சத்தம் முழுதாகப் போகவில்லை. ஒரு சின்னக் கீச்சு மிச்சம் இருந்தது. உப்புக் காற்று, அப்படித்தான் இருக்கும் என்றார். அது நம் வீட்டுக்கு மணி மாதிரி ஆகிவிட்டது. தெருமுனையில் நீ பிரேக் பிடித்ததும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். “வந்துட்டா” என்பாள்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னை எடுத்துக்கொண்டு போனபின் காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தோம். பல மாதம் அது அப்படியே கடல் காற்றில் கிடந்தது. இடுப்பு வலியால் அப்பா இப்போது மீன்பிடி போட்டுக்குப் போவதில்லை. தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடலாம் என்று போன வாரம் தார்ப்பாயை எடுத்தார். நான், ஜெனி, இன்னும் மூன்று வாண்டுகள். ஜெனி யூகேஜி. முன் சீட்டு அவளுக்குத்தான் வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் தெருமுனையில் அப்பா பிரேக்கைத் தொட்டார். கீ...ச்.

அக்கா, அம்மா ஓடி வந்தாள். கையில் கரண்டி, அதிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று காரையே பார்த்தாள். அப்பா இறங்கினார், நான் இறங்கினேன், பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லாரும் இறங்கிய பிறகும் அம்மா டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். “உள்ள போ” என்றார் அப்பா. மறுநாளும் ஓடி வந்தாள். அதற்கடுத்த நாள், ஓடி வரக்கூடாது என்று உள்ளேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அதனால்தான் அப்பா அதைச் செய்தார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. இன்று காலை பள்ளியில் எங்களை விட்டுவிட்டுத் திரும்பிவந்து சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க மீன்பிடி போட்டின் இஞ்சினைப் பார்த்தவர். நம் தெருவில் எது கத்தினாலும் மருந்து ஒன்றுதான்: பூட்டு, கீல், சைக்கிள் சங்கிலி, தையல் மிஷின். அந்த மஞ்சள் கிரீஸ் டப்பாவில் ஒரு விரல். போட்டில் உரசுவதையே வேலையாக வைத்திருக்கும் பாகம் எதுவும் கிடையாது. போட்டுக்கு பிரேக்கே கிடையாதே அக்கா, அவருக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் எங்களைக் கூட்டிவரும்போது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். “பாத்தியா, எப்டி கம்முனு கீது. உங்கக்காவும் அந்த பாயும் ஊரெல்லாம் சுத்தி வந்தாங்க. ஒரு விரல் கிரீஸு, கத முடிஞ்சிது.”

“கட்டையிலயாப்பா வெச்ச?” என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. பிள்ளைகள் கூச்சல்.

ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். லேசான தூறல். இறக்கத்தின் கீழே வலது ஓரமாக, துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. இடது பக்கம் வழுக்க, வலது சக்கரம் மட்டும் பிடிக்க, கார் தானாக வலது பக்கம் திரும்பி அந்த லாரியின் பின்புறத்தை நோக்கிப் போனது. கண்டெய்னர் கதவில் இருந்த பூட்டின் துரு வரைக்கும் எனக்குத் தெரிந்தது. அப்பா ஸ்டியரிங்கை ஒடித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு கீச்சுகூட இல்லை.

ஜெனி கைதட்டினாள். “மாமா, ராட்டினம் மாரி கீது. இன்னொருவாட்டி.”

“தூறல்ல ரோடு வழுக்குது” என்றார் அப்பா. ஆனால் அதற்கப்புறம் வீடு வரும்வரை வண்டியை ஊர்ந்தபடியே ஓட்டினார். ஒரு கை ஹேண்ட்பிரேக்கின் மேலேயே இருந்தது. அவருக்கும் ஏதோ தெரிகிறது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

தெருமுனையில் சத்தம் வரவில்லை. அம்மா வெளியே வரவில்லை. அப்பா மூடியிருந்த கதவைப் பார்த்தார். நீ போனதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்க்கவில்லை. அந்த முகத்திடம் எப்படிச் சொல்வேன்?

சாப்பிடும்போது “அக்கா வண்டி” என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நாளைக் காலையும் அதே பாலம். மழை இன்னும் நிற்கவில்லை, கூரைத் தகரத்தில் கேட்கிறது. ஜெனி முன் சீட்டில் உட்காருவாள். இன்றைக்கு அங்கே லாரி ஒரு கை தூரத்தில் இருந்தது.

எல்லாரும் படுத்ததும் சுவரில் சாவி மாட்டும் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்துவிட்டேன். ஆனால் அது என்ன கார் என்று உனக்குத் தெரியும். சாவி இல்லாவிட்டால் அப்பா கீழே குனிந்து இரண்டு ஒயரைத் தொட்டு ஸ்டார்ட் செய்துவிடுவார். அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால் பாயிடம் போய்ப் புதுக் கட்டை போடவேண்டும், சத்தம் மறுபடி வரும், அம்மா மறுபடி கரண்டியோடு ஓடிவருவாள், அப்பாவின் முகம் மறுபடி பழையபடி ஆகும். இதையெல்லாம் கொண்டுவருவது நானாக இருப்பேன். நீ இருந்தால் ஒரு கேலியோடு சொல்லியிருப்பாய். எனக்குக் கேலி வராது. நீ எனக்கு விட்டுப்போனது ஜன்னலுக்கு வெளியே நீட்டிய இந்தக் காது ஒன்றுதான். அது தூங்கவே மாட்டேன் என்கிறது. மழைக்கு நடுவில், அடுத்த அறையில் அப்பா புரண்டு படுப்பது கேட்கிறது. எழுந்து உட்காருவது கேட்கிறது.

சொல்லிப் பார்க்கிறேன், நீ கேள். அப்பா, நீ நிறுத்தினது சத்தத்த இல்ல. பிரேக்க. இப்படிச் சொன்னால் போதுமா? இன்னும் கொஞ்சம் மெதுவாக, அம்மா எழுந்துகொள்ளாத மாதிரி

அப்பா கதவைத் தட்டுகிறார்.

“உள்ள யாரு? ஆணியில சாவி காணோம். நீயா எடுத்த?”

என் கையில்தான் இருக்கிறது அக்கா. நான் எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன்.